எடை மேடைக் குறிப்புகள்

மணலி சாலையில் எடை மேடை எனக்கு.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.
லாரி ஏறும், எண் துடிக்கும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லாரி வரும்வரை புத்தகம்.

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடலோர நாவல்.
அட்டையில் கட்டுமரம், உள்ளே நானூறு பக்கம்.
வாய் திறக்கிற எல்லாரும் ‘இன்னா நைனா’ என்கிறார்கள்,
செத்துக் கிடப்பவனைத் தவிர.
காசிமேட்டில் பிறந்த டில்லிபாபு
பத்துப் பக்கம் புரட்டிவிட்டு
“யாருக்கா இவங்க, நம்ம ஆளுங்களா?” என்று கேட்டான்.
ஆனால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஐஸ் உடைக்கிற பெண்ணொருத்தி
மரத்துப்போன கையை அக்குளில் செருகிக்கொண்டு
விலை கேட்கிறாள்.
அதை மட்டும் அவர் பார்த்திருக்கிறார்.
மீதியைக் கேள்விப்பட்டிருக்கிறார்.

கவிதைத் தொகுப்பு ஒன்று.
பக்கத்துக்கு நாலு வரி, மற்றதெல்லாம் வெள்ளை.
நிலா பதினொரு தடவை வருகிறது. எண்ணினேன்,
எண்ணுவதுதானே பிழைப்பு.
இந்தப் பக்கம் ராத்திரிக்கு வெளிச்சம்
எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் தீ.
மேகத்தின் அடிவயிறு சிவந்து கிடக்கும்.
அது தெரியாதது அவர் குற்றமில்லை.
ஆனாலும் பதினொன்று அதிகம்.

துப்பறியும் கதையில் கொலைகாரனை
நாற்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன்.
இன்ஸ்பெக்டருக்கு இன்னும் இருநூறு பக்கம் ஆயிற்று.

வாழ்க்கையில் ஜெயிக்க
விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்திரு என்கிறது ஒன்று.
விழித்துத்தான் இருக்கிறேன், ஐயா,
ஒன்பது வருஷமாய்.

அப்புறம் அந்தக் காதல் கதை.
பாரிமுனைக்கு வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோ நிற்கும்.
நின்ற நேரத்திலேயே பாதி முடித்தேன்.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
கதையும் அப்படித்தான், பெட்டி பெட்டியாய்,
ஒன்றுகூடத் திறக்கவில்லை.
முடிவில் அவள் வெளிநாடு போகிறாள்.
போகட்டும்.
டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டினார்கள் என்றாவது
ஒரு வரி எழுதியிருக்கலாம்.

படித்து முடித்தால் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் சின்னதாய் எழுதிவைப்பேன்.
நாவலுக்கு: இருபது கிலோ குறைவு.
கவிதைக்கு: ஈரப்பதம் அதிகம்.
காதல் கதைக்கு: அறுபது கிலோ குறைவு, திருப்பி அனுப்பவும்.
கிளை நூலகத்து பெனடிக்டா மேடம்
“பூங்காவனம், இது கவர்மென்ட் சொத்து” என்பார்.
அழிக்கமாட்டார்.

போன மாசம் அந்தக் காதல் கதை
திரும்பவும் கண்ணில் பட்டது.
என் பென்சிலுக்குக் கீழே யாரோ நீல மையில்
எழுதியிருந்தார்கள்:
‘டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது
எடை போட்டீர்களோ?’

காலி வண்டியை ஆளோடு போட்டு
லோடு வண்டியை ஆளில்லாமல் போட்டால்
அறுபது எழுபது கிலோ காணாமல் போகும்.
புதுசாய் வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பு.
நான் செய்ததில்லை.

புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.
அடுத்த தெருவரை போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்தேன்.

இப்போது வாய்தா இல்லை.
கேட்டில் நிற்க வேண்டியதும் இல்லை.
மேடையில், ஃபேனுக்கு அடியில்,
மூன்று ராத்திரி, ஒரு வரி விடாமல்.
அவள் ஜன்னலைச் சாத்தப் போய்
சாத்தாமல் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது.
அதற்கு முன்னால் அது என் கண்ணில் படவே இல்லை.

டிக்கெட் விஷயம் இப்போதும் இடிக்கிறது.
இப்போதும் குறைவுதான்.
அறுபதை அழித்து நாற்பது என்று எழுதினேன்.
‘திருப்பி அனுப்பவும்’ என்பதை அடித்தேன்.
நீல மைக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை,
எழுதவில்லை.

அன்றிலிருந்து சீட்டு நீட்டும்போதெல்லாம்
டிரைவரின் சட்டைப்பையைப் பார்க்கிறேன்,
நீலப் பேனா இருக்கிறதா என்று.

எல்லார் பையிலும் இருக்கிறது.