பால்மானி

விடிய ஐந்தரைக்கு
மாங்குளம் பால் சேகரிப்பு நிலையத்தில்
என் மேசைக்கு முன்னால் கான்கள் வரிசை கட்டும்.
பால்மானியை விடுவேன்.
அமிழும், எழும், ஆடும், பிறகு நிற்கும்.
இருபத்தாறுக்குக் கீழே நின்றால்
கான்காரர் என்னைப் பார்க்கமாட்டார்,
கூரைத் தகரத்தைப் பார்ப்பார்.

ஒன்பது வருடமாய் இதே மேசை.
சக்கர நாற்காலிதான் மூன்று மாறிவிட்டது.
முதலாவது ஒரு நிறுவனம் தந்தது.
நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள்.
படத்தில் நாற்காலி துலக்கமாய் இருந்தது,
நான்தான் கொஞ்சம் கலங்கியிருந்தேன்.
இரண்டாவதின் முன்சில்லைக்
கிரவல் ஒழுங்கை தின்றது.
இப்போதுள்ளது என் சம்பளத்தில், தவணைக் காசில்.
ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்தில்
படக்காரப் பெடியன் பின்னால் வந்து, ஒரு சொல் கேளாமல்,
என்னை வாழைமரத்தடிக்கு உருட்டிவிட்டான்.
"அப்பதான் படம் வடிவா வரும்."
வடிவாய்த்தான் வந்தது.
அதில் நாற்காலியும் இல்லை, நானும் இல்லை.

எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
"எந்த இடத்தில, பிள்ளை? செல்லோ?"
புளியமரத்தால் விழுந்தேன்,
பதினாலு வயதில், பழம் உலுப்பப் போய்,
என்று சொன்னால்
அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடும்,
கொண்டுவந்த கண்ணீரை
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்.

வங்கியில் அலுவலர் என் தம்பியிடம் கேட்டார்:
"அவவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியுமோ?"
நாளுக்கு நானூறு லீற்றருக்குக் கையெழுத்து வைக்கிற கை
மடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது.
தம்பி சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான்.
நல்ல பிள்ளை. வாயே திறக்கவில்லை.
அலுவலர் வேறு வழியில்லாமல்
என் பக்கம் திரும்பினார்.

இதெல்லாம் போகட்டும். சொல்ல வந்தது
பனிக்கன்குளத்துச் சிவபாக்கியத்தாரின் சண்டை.

பங்குனி வெயில், புல் கருகிய நேரம்.
அவருடைய கானில் இருபத்தொன்று.
"திருப்பிக் கொண்டுபோங்கோ," என்றேன்.
"என்ர மாட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"
"மாட்டைப் பற்றிச் சொல்லேல்லை. கிணத்தைப் பற்றித்தான்."
பிறகு வாயில் வந்ததெல்லாம் சொன்னார்,
என் கண் பிழை, கணக்குப் பிழை,
சங்கம் முழுக்கக் கள்ளர்.
நானும் விடவில்லை.
போன மாதக் கொப்பியை விரித்தேன்.

வரிசையில் யாரோ அவரின் தோளைத் தொட்டார்கள்:
"விடுங்கோ அண்ணை. பாவம் அது.
ஏலாத பிள்ளை."

அது.
ஆட்டுக்குட்டிக்கும் கைக்குழந்தைக்கும்
ஓட்டை வாளிக்கும் சொல்கிற அது.

சிவபாக்கியத்தார் தோளை உதறினார்.
"என்ன பாவம்? அவ என்னைக் கள்ளன் எண்டுறா,
நான் அவவோட கதைக்கிறன்.
நீ உன்ர கானைப் பார்."

அவ.
அத்தனை கோபத்திலும் எழுத்துப் பிசகாமல்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்,
சண்டை இன்னும் முடியவில்லையே.

"நிண்டுகொண்டு பாத்தால் பிழையாத்தான் தெரியும்," என்றேன்.
"கண் பாலின்ர மட்டத்துக்கு வரவேணும்."
அவர் குந்தினார்.
சாரம் ஈரச் சீமெந்தில் தோய,
என் முகத்துக்கு நேரே அவர் முகம்,
இடையில் கண்ணாடியும் நுரையும்.
கனநேரம் பார்த்தார்.
"இருபத்தொண்டு," என்றார்,
தனக்கே சொல்வதுபோல.
கானைத் தூக்கிக்கொண்டு போனார்.
மன்னிப்புக் கேட்கவில்லை. நானுந்தான்.

அடுத்த கிழமை இருபத்தொன்பது.
அன்றைக்கு மழை, காலம் தப்பிய மழை.
வேலை முடிந்து இறங்கும்போது வாசல் முழுக்கச் சேறு.
"தள்ளட்டோ?" என்றார்,
கையைப் பின்னால் கட்டியபடி.
பதிலுக்கு நின்றார்.
"வேண்டாம்."
"சரி."
வெறுங்கானைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்விட்டார்.
சில்லு இரண்டு தரம் சும்மா சுழன்றது,
மூன்றாம் தரம் ஏறியது.