பிரிப்பு வேலை

மணவாளக்குறிச்சி ஆலையில்
நான் பார்ப்பது பிரிப்பு வேலை.
கடல் கலந்து கொண்டுவந்ததைக்
காந்தத்தின் அடியில் ஓடவிட்டால்
கறுப்பு இல்மனைட் முதலில் துள்ளிப் போகும்,
பிறகு செந்நிறக் கார்னெட்,
அதன்பின் மனசில்லாமல் மோனசைட்,
தேன் நிறத்தில், சோம்பலாக.
எதற்கும் அசையாமல் கடைசியில் கிடப்பது சிர்க்கான்.

ஆதியிலும் இதே வேலைதான் என்றார்
நீரோடிக் கரையில் கொட்டகை போட்ட
மூன்று நாள் கூட்டத்துக்குக்
காட்டாக்கடையிலிருந்து வந்த பாஸ்டர் யோபுதாஸ்.
வெளிச்சத்தை இருட்டிலிருந்து,
மேல்நீரைக் கீழ்நீரிலிருந்து,
கரையைக் கடலிலிருந்து.
எனக்குப் பெருமையாக இருந்தது.
ஷிஃப்ட் முடிந்து வந்த சட்டையில்
கதிர்வீச்சு அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

பாதி மலையாளம், பாதி நம்ம தமிழ்.
உலகத்துக்கு வயசு ஆறாயிரம் என்றார்.
ஆலைச் சுவரில் எழுதியிருக்கிறது:
தோரியம் பாதியாகக் குறைய
ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு.
அதை அவரும் அறிவார்.
"மணல் கடிகாரம் ஓடுகது காணலாம்.
அதைக் கவிழ்த்து வச்ச கையைக் கண்டியளா?"
காணவில்லை.
கானாவூர்க் கலியாணத்தில்
ஒரு நிமிஷத்து ரசத்தை ருசித்தவனும்
பழைய சரக்கு என்றுதானே நினைத்திருப்பான்?
அப்படித்தான்,
ஈயம் கலந்தே படைக்கப்பட்ட பாறை,
பாதி வழியில் படைக்கப்பட்ட நட்சத்திர ஒளி.

அழகான பதில்.
அந்த அழகுதான் என்னைப் பயமுறுத்தியது.
அப்படியென்றால் போன வருஷமும்
இந்த வியாழக்கிழமை செய்து வைத்ததாக இருக்கலாம்,
கூட்டுறவு பேங்கில் எனக்க கடன் உட்பட.

பின்வரிசையில் பிலோமி எழுந்தாள்,
மீன் விற்ற அலுமினியச் சட்டி
காலிடுக்கில் இருக்க.
"எல்லாத்தையும் பாத்து நல்லதுண்ணு சொன்னாராக்கும் தம்புரான்.
இந்தக் கறுத்த மண்ணயும் பாத்தாரா?"

மைக் ஒருமுறை கூவியது.
பாவத்துக்கு முன்னே எதுவும் சிதையவில்லை என்றார் பாஸ்டர்.
பழத்தைக் கடித்த சத்தத்தில்தான்
மண் எண்ணத் தொடங்கிற்றாம்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம்:
பூமியின் அடிவயிற்றுச் சூட்டில்
கிட்டத்தட்டப் பாதி
இப்படிச் சிதைவதிலிருந்து வருவது,
அது இல்லாமல் ஏதேனின் மண்ணுக்கு அடியில்
யார் அடுப்பு எரித்தது?
அதற்குள் காணிக்கைப் பை
என் வரிசைக்கு வந்துவிட்டது.
இருபது ரூபாய் போட்டேன்.

வெளியே,
கல்லறைத் தோட்டத்து மதிலைக்
கடல் தின்றிருந்தது,
மூன்றாம் நாள் போட்டுக்கொடுத்த எல்லையை மறந்து.
பிலோமி பூவாறு பஸ்ஸுக்கு நின்றாள்.
அவள் புருஷனின் சிலுவை
போன ஆடியில் போயிற்று.
"உனக்க கம்பெனி மெஷின் என்ன சொல்லுகு?"
டிக் என்று சொல்லும் என்றேன்.
"எப்ப?"
அதுதான் தெரியாது.
இத்தனை கோடி அணுவில்
இத்தனை உடையும் என்று கணக்கு உண்டு.
எது, எந்த நொடியில் என்றால்
ஆலை கையை விரிக்கும்.
"பின்ன என்னத்துக்கு
ரெண்டு பக்கமும் இம்புட்டுச் சத்தம்?"
பஸ் படியில் சட்டி தட்டியது.
பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தேன்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவோம்,
இந்த முறை அதில்
ஒரு பிரசங்கமும் பதிந்திருக்கும்.
செருப்பை உதறினேன்.
கறுப்பு, சிவப்பு, தேன் நிறம்,
எல்லாம் கலந்தே விழுந்தது.