ஐந்நூறு லீற்றர்

நேர்முகத்தில் முதற் கேள்வி:
"எத்தனை லீற்றர்வரை வளர்த்திருக்கிறீர்கள்?"

கைவசம் இருந்தது ஒன்றரை மில்லிலீற்றர்.
நீல மூடி போட்ட சிறு குழாய்,
மூடியில் மார்க்கரால்: கண்-17.
கண்டாவளை உப்பு வயலில்
நெல்வேரைப் பிடித்துக்கொண்டு
சாகாமல் கிடந்த பக்ரீரியா.
ஆறு வருடம் அதற்குச் சோறு போட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.
வாசித்தவர்கள் மூன்று பேர்.
மூன்றாமவர் அட்டவணைகளைத் தாண்டிப் போனதை
வாய்மொழித் தேர்வில் கண்டுபிடித்தேன்.

"இரண்டு லீற்றர்" என்றேன்,
ஒருமுறை உடைந்துபோன குடுவையையும் கணக்கில் சேர்த்து.
அவர்கள் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்கள்.

*

அறிவியல்நகரில் மின்சாரம் போகும் இரவுகளில்
மைனஸ் எண்பது மெல்ல மெல்ல
மைனஸ் அறுபத்தொன்றாகும்.
ஜெனரேற்றருக்கு டீசல் இல்லாத ஒரு மார்கழியில்
நானும் ஆய்வுகூடத்து அமலதாசும்
மீன்காரரின் ஐஸ் பெட்டியை
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தோம்.
அறிவியற்படி அது விசர் வேலை.
விடியும்வரை குளிர்ப்பெட்டியைத் திறக்காமல்
அதன் முன்னால் இருந்தோம்,
உள்ளே காய்ச்சற்காரர் கிடப்பதுபோல.

புதிய இடத்தில் மூன்று ஜெனரேற்றர்.
ஒருவரும் விழித்திருக்கத் தேவையில்லை.
முதற் கிழமை எனக்கு நித்திரை வரவில்லை.

*

மண் எடுக்கப் போன நாளில்
எனக்கு முன்னால் ஒருத்தி முழங்காலில் இருந்தாள்.
யோகமலர்.
முகக்கவசத்துக்குள் வியர்வை வடிய வடிய
சிவப்புக் குச்சிக்கும் வெள்ளைக் குச்சிக்கும் நடுவில்
சாண் ஆழத்துக்கு நிலத்தைச் சுரண்டி
எனக்குப் பாதை விட்டவள்.
காணிக்காரர் வல்லிபுரம்,
"உப்பு மண்தானே, எவ்வளவும் அள்ளுங்கோ" என்றுவிட்டு
மாடு பார்க்கப் போய்விட்டார்.

தேத்தண்ணி நேரம் அவள் கேட்டாள்:
"நீங்கள் தேடுறது வெடிக்குமோ?"
இல்லை என்றேன்.
"கண்ணுக்குத் தெரியுமோ?"
இல்லை.
"அப்ப, எவ்வளவு பெறும்?"

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.
அறிவுக்கு விலையா என்று
ஏதோ பெரிதாகச் சொன்னேன்.
அவள் மிச்சத் தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக்
கையுறையைப் போட்டாள்.

*

மாங்குளம். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கம்:
வேலையை விட்ட பின்னும் ஐந்து வருடம்
இதைப்பற்றி வெளியே கதைக்கக் கூடாது.
கையெழுத்து வைத்தேன்.
ஒருவராவது கேட்கமாட்டாரா என்று
ஆறு வருடம் அலைந்த வாய்.

இப்போது அது ஐந்நூறு லீற்றர் உருக்குத் தொட்டியில்.
முப்பதாம் மணியில் நுரை எழும்புகிறது,
தோசைமாப் புளித்த மணம்.
பார்க்கும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.
பெருமையாகத்தான் இருந்தது,
பொய் சொல்லக் கூடாது.
விற்பனைப் பிரிவு வேறு பெயர் வைத்துவிட்டது.
"கண் எண்டு போட்டால், மிஸ்,
சனம் கண்ணுக்கு விடுற மருந்தெண்டு நினைக்கும்."

*

நேற்றுப் பின்னேரம் பஸ்ஸில் வரும்போது
யோகமலரின் அழைப்பு.
கண்ணிவெடி வேலை மாசியோடு முடியுதாம்.
"உங்கட கொம்பனிக்கு ஆள் எடுக்கினமோ?
மண்ணோட பன்னிரண்டு வருச அனுபவம்.
அவசரப்படமாட்டன், அதை எழுதியே தரலாம்."
அங்கே என்ன வேலை என்று கேட்டாள்.
சொல்லக் கூடாதென்று கடதாசி இருக்கிறது என்றேன்.
"எங்களிட்டையும் ஒரு கடதாசி இருந்தது,
காலுக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு எண்டு."

முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள்.
அந்தப் பழைய கேள்விக்கு
என்னிடம் இப்போது பதில் இருந்தது.
விலைப்பட்டியல் அச்சாகிவிட்டது,
அது மட்டும் ரகசியமில்லை.
"கிலோ ஆயிரத்து எண்ணூறு" என்றேன்.

கொஞ்ச நேரம் கச்சான் விற்கும் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டாள்:
"வல்லிபுரத்தாருக்குமோ?"