போன ஞாயிறு

கடையைச் சாத்தும் நேரத்தில் வந்தார்கள்.
கூழ் ஆலை வாசலில் பகலெல்லாம்
பெங்களூரா லோடோடு வரிசையில் நின்ற டெம்போ
இப்போது என் பிரவுசிங் சென்டர் முன்னால்,
காலியாக, மணம் மட்டும் இறங்காமல்.
திம்மராயன் சட்டையில் மாம்பால் கறை.
பின்னால் மகள், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

நாளை மாலை ஐந்துக்குள் லாக் பண்ண வேண்டும்.
காவேரிப்பட்டணத்தில் இந்த வாரம் மட்டும்
நூற்றுப் பதினெட்டு பேருக்குப் பண்ணியிருக்கிறேன்.
கட்-ஆஃப் சொன்னால் போதும்,
மேலிருந்து கீழாக நானே அடுக்கிவிடுவேன்,
டீ ஆறுவதற்குள்.

நூத்தித் தொண்ணூத்தி நாலரை என்றார் திம்மராயன்
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில்.
முதல் இடத்தில் எதைப் போடட்டும் என்றேன்.
அவள் கேட்டாள்:
அண்ணா, அங்க ராத்திரி தூங்குவாங்களா?

தி. ஜீவிதா.
இரண்டு வருடம் விடுதிப் பள்ளி.
நாலரைக்கு மணி, ஐந்துக்கு டெஸ்ட்,
மார்க் வரிசைப்படிதான் சாப்பாட்டு வரிசையும்.
புகாராகச் சொல்லவில்லை அவள்,
பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.
நல்ல காலேஜ்தான் வேணும், அதை விடமாட்டேன்.
ஆனா பக்கத்துக் கட்டில்காரி
பரீட்சைக்கு முந்தின நாள்
என் நோட்டை ஒளிச்சு வைக்காத காலேஜ்.

திம்மராயன் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.
கல்லூரிக் கோடு இருக்கிறது, பாடப்பிரிவு இருக்கிறது,
போன வருடம் கடைசியாக உள்ளே போனவரின்
தசமப் புள்ளிகூட இருக்கிறது.
தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.

நோட்டைத் திறந்தாள்.
யார் யாரிடமோ கேட்டு வாங்கிய சீனியர் நம்பர்கள்,
எதிரே மூன்று கேள்விகள்.
பதினொரு மணிக்கு எத்தனை அறையில் விளக்கு எரியும்?
ஒருத்தி அரியர் வைத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?
போன ஞாயிறு என்ன செய்தீர்கள்?
(பொதுவாக அல்ல, போன ஞாயிறு.)

கடைசிக் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.
எனக்கே பதில் வரவில்லை.

முதல் கல்லூரியின் குரல்
எல்லாமே சூப்பர்மா என்றது,
அசைன்மென்ட் இருக்கு என்று வைத்துவிட்டது.
இரண்டாவது குரல்
எந்தக் கம்பெனி எத்தனை லட்சம் என்றது,
கேட்காமலே.
மூன்றாவதில் வாளிச் சத்தம், யாரோ சிரிப்பது.
போன ஞாயிறா? இரு, யோசிக்கிறேன்.
துணி துவைச்சேன். மழை வந்துடுச்சு.
மறுபடி துவைச்சேன்.
திங்கக்கிழமை சர்க்யூட்ஸ் பரீட்சை,
ஏழு பேரும் ஒரே ரூமில் உக்காந்தோம்,
புரிஞ்சவ புரியாதவளுக்குச் சொன்னா.
அப்புறம்?
அப்புறம் தூங்கிட்டோம்.

'தூங்கிட்டோம்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள்.

அது என் அடுக்கில் ஆறாவது.
ஆறாவதா? என்றார் திம்மராயன்.
நூத்தித் தொண்ணூத்தி நாலரையை வெச்சிக்கிட்டா?
ஆலை வரிசையில் ஆறாவதாக நின்றால்
எப்போது லோடு இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம் சாவியை உருட்டினார்.
பிறகு போனை வாங்கினார்.
ஏம்மா,
அங்க சோத்துக்கு எப்பிடி வரிசை நிப்பீங்க?

அந்தப் பக்கம் புரியாமல் ஒரு மௌனம்.
எப்பிடின்னா, அங்கிள்?
யாருக்குப் பசிக்குதோ அவங்க முன்னாடி.

ஒருத்தியின் ஒரு ஞாயிறு அது,
எனக்குத் தெரியாமல் இல்லை.
வேறொரு ரூமில் வேறொருத்தி
அதே ராத்திரி அழுதிருக்கலாம்.
சொல்லலாமா என்று நினைப்பதற்குள்
திம்மராயன் திரையைத் தொட்டுக் காட்டினார்,
விரல் அழுக்கு கண்ணாடியில் பதிய:
இதை மேல தூக்கு.

தூக்கினேன். லாக் பண்ணட்டுமா?
காலையில வந்து பண்ணிக்கறேன்ணா, என்றாள் ஜீவிதா,
இப்ப கண்ணு சொருகுது.

ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பினால்
டெம்போ இன்னும் நிற்கிறது.
முன்சீட்டில் அவள், நோட்டு நழுவி மடியில், வாய் திறந்து.
பர்கூரில் ராத்திரி லோடு காத்திருக்கிறது அவருக்கு.
சாவியைப் போட்டவர்
திருகாமல் உட்கார்ந்திருக்கிறார்.