இடம் பதினாலு

கடிதத்தில் மூன்றே வரி.
நிலக்கீழ்த் தரிப்பிடம், இடம் பதினாலு, ஒயில் கறை.
கீழே கட்டடப் பராமரிப்பாளர் ஸ்பிண்டனின் கையெழுத்து,
வாசலில் அவர் தள்ளி வைக்கும் பனியைப் போல
ஓரம் பிசகாமல்.

"ஏசித் தண்ணியாயிருக்கும்" என்றார் விக்கினராசா,
ஹெர்க்கிங்கனில் விடிய விடியப் பார்சல் பிரித்துவிட்டு வந்து
சப்பாத்தும் கழற்றாமல்.
தை மாதம், ஓல்ரெனில், மூக்கு நுனி தெரியாத புகாரில்
ஆரப்பா ஏசி போட்டது?

நான்தான் படுத்தேன்.
உடுப்புத் தோய்க்கும் மெஷின் வந்த பெட்டியைப் பிரித்து
வானுக்குக் கீழே தள்ளினேன்.
(எங்களுக்கு அது வான்தான்.
"அம்மா, வான் ஒழுகுது" என்று
ஆரணியா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.)

காலையில் அட்டையில்
முன் இடது சில்லுக்கு ஒரு சாண் உள்ளே
ஐந்து துளி, ஒன்றையொன்று தொட்டபடி.
சிவப்பு.

இரத்தம் என்று எழுதப் போவதில்லை.
ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷம் தரை துடைத்தவள்,
இரத்தம் எதுவென்று தெரியும்.
இது பீற்றூட் கறி அடிப்பிடித்த சட்டியின் நிறம்.
விரலிடையில் தேய்த்தேன், வழுக்கியது.
மணந்தேன், லேசாய்க் கருகல்.
கூலண்ட் என்றால் இனித்து மணக்கும், தண்ணீராய் ஓடும்.
எஞ்சின் ஒயில் இதற்குள் கரியாகியிருக்கும்.
மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

அப்போதுதான் நினைவு வந்தது.
ஹவன்ஸ்டைன் ஏற்றத்தில்
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகுமுன்
வான் ஒரு மூச்சு நின்று யோசிக்கும்.
பூப்புனித வீட்டுக்கு ஏற்றிய
புரியாணிச் சட்டிகளின் பாரம் என்றோம்.
ஆறு மாதம் அப்படியே சொன்னோம்.

கராஜ்காரன் குனியவில்லை.
கியர்பொக்ஸ், நாலாயிரத்து இருநூறு பிராங்.
வானை விற்றால் ஆயிரத்து ஐந்நூறு வரும்,
அதுவும் வாங்குகிறவன் மணக்காமல் விட்டால்.
மாசி முடிய அரசாங்கப் பரிசோதனை.

மறுபடி படுத்தேன்.
அடிவயிற்றைத் துடைத்துத் துடைத்து
நாலு பழைய சாரம் போயிற்று.
சேயோனின் பந்தடிப் பையிலிருந்து
காலுக்குப் போடும் பவுடரை எடுத்து
கைக்கெட்டிய இடமெல்லாம் ஊதினேன்.
ஆர்பூர்க் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன்,
கல்யாணத்துக்கு அலங்கரித்ததை ஓட்டுவதுபோல் மெதுவாக.

சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடமல்ல.
ஓட்டத்தில் காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும்,
அது இரும்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
தனக்கு வசதியான மூலையில் இறங்கும்.
சொட்டைப் பிடித்தவன் கியர்பொக்ஸைக் கழற்றுவான்.
நான் ஈரத்தின் மேல்முனையைத் தேடினேன்,
ரோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

றேடியேற்றருக்குப் போகும் குழாய்.
றப்பர் இரும்போடு சேருகிற வளையம்.
அங்கே மட்டும் பவுடர்
களியாகியிருந்தது.

நாற்பத்தாறு பிராங். இரண்டு கிளிப் தனி.
ஒயில் அளவு பார்க்க எஞ்சின் சூடாகி ஓடவேண்டும்,
கீழே ஓடவிட்டால் ஸ்பிண்டன் இன்னொரு கடிதம் எழுதுவார்.
பெற்றோல் செட்டில் நிறுத்தி,
அளவுகோலை இழுத்து, துடைத்து, விட்டு, இழுத்து,
சிறுகச் சிறுக ஊற்றினேன்.
பக்கத்துப் பம்பில் ஒருவர்
உதவி வேணுமா என்று கேட்டார்.
துடைக்கக் கடதாசி இருக்கா என்றேன்.

"கியர்பொக்ஸ் இல்லையெண்டு நான் அப்பவே சொன்னன்"
என்கிறார் விக்கினராசா, இப்போது எல்லோரிடமும்.
சொல்லட்டும். புதுக் குழாயை
அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றவர்.

இன்றைக்குப் புது அட்டை.
நடுவில் ஒரு துளி.
சில்லில் ஒட்டிய பனி உருகியிருக்கும்,
நிறமில்லை, பளிங்குபோல் கிடக்கிறது.
பார்த்தாலே தெரிகிறது.
என்றாலும் குந்தியிருந்து
விரலில் தொட்டு
மணந்து பார்த்தேன்.