கதவு சாத்தும் வரை

காலை நாலு இருபதுக்கு வண்டியை முடுக்கி வைப்பேன்.
டுலூத்தில் ஜனவரி. ஏரியிலிருந்து வரும் காற்று
காதைக் கழற்றிக்கொண்டு போகும்.
விடுதி வாசலில் இரண்டு பேர்.
கேப்டன் ஹார்லன், எப்போதும் முன்சீட்.
துணை விமானி மாரிட் ஓஸ்லண்ட், பின்சீட்,
மடியில் கவிழ்க்காமல் பிடித்த தொப்பி,
அதற்குள் இரண்டு வாழைப்பழம், நாலு அவித்த முட்டை.
காலைச் சிற்றுண்டி ஆறு மணிக்குத்தான்.
இரவு மேசையில் இருக்கும் பெர்னிஸ்
சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு
சரியாக அந்த நேரம் பார்த்து
அச்சு இயந்திரத்தோடு சண்டை போடுவாள்.

பதினாலு நிமிடப் பாதை.
இறங்கும்போது மாரிட் ஒரு டாலர் தருவாள்,
நாலாய் மடித்து, ஒவ்வொரு முறையும்.
ஒருநாள் வேண்டாமென்றேன்.
"ஏன், என் டாலர் செல்லாதா?" என்றாள்.
முகம் சிவந்தது குளிரால் இல்லை.
அப்புறம் நான் மறுத்ததில்லை.

பனிமூட்டம் இறங்கிய ஒரு காலை
ஓடுபாதை மூடிக் கிடந்தது.
ஹார்லன் காப்பி தேடிப் போனார்.
அவள் வண்டியிலேயே இருந்தாள், ஹீட்டருக்காக.
முட்டை உரித்துக்கொண்டே சொன்னாள்:
விமானத்தின் கதவு சாத்தினால்தான் எங்கள் கடிகாரம் ஓடும்.
இப்படி உட்கார்ந்திருப்பது கணக்கில் வராது.
விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது வராது.
இறக்கையில் பனி உருக்கும் மருந்தடிக்கும்போது மட்டும்
சும்மா இருக்கவும் கூலி உண்டு,
அதனால் எனக்குப் பிடித்த வாசனை அதுதான்.
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.
மணிக்கு இருபத்தொரு டாலர்.
மாதம் எழுபத்தைந்து மணிக்கு உத்தரவாதம்.
அன்றிரவு மின்கட்டண உறையின் பின்புறம்
பென்சிலால் பெருக்கினேன்:
ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து.
கீழே என்னுடையது.
மணிக்குப் பதினொன்றரை, வாரம் நாற்பது, நாலு வாரம்:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
தப்பாகப் போட்டேனென்று மறுபடி போட்டேன்.
நான் ஓட்டுவது தரையைவிட்டு எழும்பாத வேன்.
பள்ளத்தில் விழுந்தால் இழுவை வண்டி வரும்.

பறக்கக் கற்ற கடன் மாதம் அறுநூற்றுத் தொண்ணூறு
என்று பிறகொருநாள் ஹார்லன்தான் சொன்னார்.
மினியாப்பொலிஸில் எட்டுப் பேரோடு ஓர் அறை,
அடுக்குக் கட்டில், யார் வீடு திரும்புகிறாரோ அவர் போர்வை.
"நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றார்,
அம்மை வந்து போனதைச் சொல்வதுபோல.

பிப்ரவரியில் என் மகள் கல்லூரிக்குத் திரும்பினாள்.
அதே வண்டி, அதே நாலு இருபது.
மாரிட் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.
மகளுக்குக் கண் முழுதாகத் திறக்கவில்லை.
இறங்கியதும் என்னிடம் கிசுகிசுத்தாள்:
"இவங்களா ஓட்டப்போறாங்க? எக்கச்சக்கமா சம்பளம் இருக்கும், இல்லப்பா?"
ம், என்றேன்.

ஐம்பது இருக்கை. மினியாப்பொலிஸுக்கு ஒரு மணி நேரம்.
இருபத்தொன்றை ஐம்பதால் வகுத்தால்
நாற்பத்திரண்டு காசு.
டிக்கெட்டுக்கு நான் கொடுத்தது இருநூற்றுப் பதினாறு டாலர்.
அதில் என் பிள்ளையை மேகத்துக்கு மேல் கொண்டுபோய்
பத்திரமாக இறக்குகிறவளுக்கு
நாற்பத்திரண்டு காசு.
அவள் எனக்குக் கொடுத்ததோ ஒரு டாலர்,
பதினாலு நிமிடத்துக்கு,
மகளுக்கும் சேர்த்து அன்று இரண்டாகக் கொடுக்கப் பார்த்தாள்.

வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன்.
மருந்தடித்தார்கள். ஆரஞ்சு நிற ஆவி.
முடியட்டும், மெதுவாக முடியட்டும் என்றிருந்தது.
பிறகு விளக்குகள் நகர்ந்து, ஓடி, எழும்பி,
ஏரிப்பக்கம் சாய்ந்து மறைந்தன.
கண்ணுக்குத் தெரியாமல் போன பின்னும்
கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
அதற்கும் எனக்குச் சம்பளம் வந்தது.