லாபம்

வெண்ணாற்றுப் பாலம் இறங்கியதும் இடப்பக்கம்
எங்கள் நெல் கொள்முதல் நிலையம்.
ஐப்பசி. மூன்று நாளாக விட்டுவிட்டு மழை.
களத்தில் குறுவை நெல்
நீலத் தார்ப்பாய்க்குள் புழுங்கிக்கொண்டிருந்தது.
பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்
நான் எடுக்கக் கூடாது.
கருவி இருபத்தொன்று காட்டியது.
பிச்சைக்கண்ணு என் முகத்தைப் பார்த்தார்.
நான் கருவியைப் பார்த்தேன்.

அப்போதுதான் சாக்குக் கட்டைப் பிரித்த பக்கிரிசாமி
வெடுக்கென்று கையை இழுத்தார்.
மணிக்கட்டில் மூன்று கோடு ரத்தம்.
"சார், குட்டி போட்டிருக்கு."

காது கிழிந்த சாம்பல் பூனை.
போன பட்டத்தில் எலி பிடிக்க வந்து
என்னைப் போலவே தற்காலிகமாகத் தங்கிவிட்டது.
பேர் யாரும் வைக்கவில்லை.
இப்போது புதுச் சாக்கின் மேல்
சணல் வாசனையும் ரத்த வாசனையுமாக,
கிட்ட வந்தால் கிழிப்பேன் என்று கிடந்தது.

பக்கிரிசாமி காயத்தைச் சப்பிக்கொண்டே குனிந்து
மூட்டை எண்ணுகிற குரலில் எண்ணினார்:
லாபம், ரெண்டு, மூணு...
நாலாவதுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.
ஓரத்தில் தனியாக, நனைந்த பஞ்சுபோல,
தொட்டால் ஜில்லென்று.

நீடாமங்கலம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.
"பசும்பால் ஊத்தாதீங்க, கழியும்.
தாய்க்கு நல்லாப் போடுங்க, மத்ததை அது பாத்துக்கும்.
சின்னதுக்கு முதல்ல சூடு.
சூடு வந்தப்புறம் முலையில வைங்க."

சூட்டுக்கு என்ன செய்வது?
லோடுமேன்கள் கூடுகிற களத்தில்
குவார்ட்டர் பாட்டிலுக்கா பஞ்சம்.
டீக்கடையில் வெந்நீர் வாங்கி நிரப்பி
கிழிசல் சாக்கில் சுற்றி வைத்தோம்.
தாய்க்கு மத்தி வேகவைத்து,
உப்பில்லாமல், முள்ளெடுத்து.
தன் வீட்டில் ஒருநாள் மீன் ஆய்ந்திருப்பாரா
பக்கிரிசாமி, தெரியாது.

ராத்திரி நெல்லுக்குக் காவல் நான்.
தன் நெல்லுக்குக் காவல் பிச்சைக்கண்ணு.
அவர் செல்போன் வெளிச்சம் காட்ட
தாய் நக்காமல் விட்ட குட்டியை
ஈரப் பஞ்சால் துடைத்தேன்,
வயிற்றுக்குக் கீழே, மெதுவாக,
ஒரு நாக்கு துடைப்பதுபோல.
அப்படித் துடைத்தால்தான் மூத்திரம் போகுமாம்.
ஒன்றேகால் மணி இருக்கும்,
விரலில் சூடாக ஒரு சொட்டு.
பிச்சைக்கண்ணு சிரித்தார்:
"ஈரம் எவ்வளவு சார்?"
கொஞ்ச நேரம் கழித்து, சிரிக்காமல்:
"என் நெல்லையும் இப்படிக் கொஞ்சம்
தொட்டுப் பாருங்களேன்."

மழை தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது.
நான் பதில் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் சாக்குக் கட்டு காலி.
நடுவில் ஒரு பள்ளம், நாலைந்து மயிர்.
சின்னது மட்டும் பாட்டிலை ஒட்டிக் கிடந்தது.
"ஏழு இடம் மாத்தும் சார்," என்றார் பக்கிரிசாமி.
ஏழில் ஒன்றில்கூட இதற்கு இடம் இல்லையா
என்று கேட்க நினைத்தேன்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டியல் எழுதினேன்.
என் நெஞ்சு துடிப்பதா அது துடிப்பதா
என்று குழம்பி, இரண்டு தரம்
எடையைத் தப்பாக எழுதி அடித்தேன்.

பதினோரு மணிக்கு வந்தது.
மேசைமேல் ஏறி, பேரேட்டில் கால் வைத்து,
பைக்குள் தலையை விட்டு,
நான் ஏதோ திருடியவன் மாதிரி பார்த்து,
கழுத்தைக் கவ்விக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போனது.
நன்றி கின்றி ஒன்றும் இல்லை.

வெயில் வர இன்னும் இரண்டு நாள் ஆனது.
பிச்சைக்கண்ணுவுக்குப் பதினேழு வந்தது.
ஆறு மூட்டை அதற்குள் முளைத்திருந்தது.
முளைத்ததை அவர் தனியாக அள்ளி
வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.
போகும்போது கேட்டார், பூனை எங்கே என்று.

கார்த்திகையில் லாரி வந்து அட்டி கலைந்தபோது
அடிக்கட்டைச் சந்தில் கண் திறந்து கிடந்தன.
பக்கிரிசாமி டார்ச் அடித்தார்,
கையை எட்டத்தில் வைத்துக்கொண்டு.
இந்தத் தடவை சின்னதிலிருந்து தொடங்கினார்:
"லாபம்."

சாக்குக் கணக்கில் ஒன்று குறைவதாகத்
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்.
காரணம்: எலி
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.